ரியோவில் ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினியர்

நான் படிப்பது எலெக்ட்ரிகல் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மெஷின்ஸ் லேபில் நான் படும் பாடும் தெரியும். அதனால்தானோ என்னவோ, டொமிங்கோஸ் டி ஒலிவேரா பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய படிப்புதான். 1936-ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர், எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவர். ஆனால் 2019-ல் இறக்கும்வரை அவருக்குச் சோறு போட்டது நாடகமும் சினிமாவும் டிவியும். (இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

பிரேசில் படம் என்றால் நம் ஆட்கள் 'சிட்டி ஆஃப் காட்' என்பார்கள். கொஞ்சம் முற்றிய கேஸ்கள் க்ளாபர் ரோஷா என்பார்கள். ரோஷாவும் அவர் கூட்டாளிகளும் பசி, வறட்சி என்று கோபமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1964-ல் ராணுவம் வேறு ஆட்சியைப் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில் நம்மாள் 1966-ல் எடுத்த முதல் படம் ஒரு காதல் காமெடி! பெயரைத் தமிழில் சொன்னால் 'உலகத்துப் பெண்கள் எல்லோரும்'. என்னடா இது பொறுப்பில்லாமல் என்றுதான் எனக்கும் தோன்றியது.

கதை சின்னதுதான். பெண்கள் பின்னாலேயே திரியும் பாவ்லோ, மரியா அலிஸ் என்ற டீச்சரைப் பார்க்கிறான். அவள் ஒருத்திக்காக மற்ற எல்லோரையும் விட்டுவிட நினைக்கிறான். மரியா அலிஸாக நடித்தவர் லேய்லா தினிஸ். நிஜத்திலும் டீச்சராக இருந்தவர், டொமிங்கோஸோடு வாழ்ந்தவர். படம் எடுக்கும்போது இருவரும் பிரிந்தாயிற்று. பிரிந்துபோனவளைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் நிறுத்தி, தங்கள் காதலையே நடிக்கச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? அவர் ஒத்துக்கொண்டதற்கு அதைவிட வேண்டும். இது தெரிந்த பிறகு அந்தக் கறுப்பு வெள்ளை குளோசப்களை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. இப்போது அதைப் பொறுப்பில்லாத படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேய்லா பெரிய நட்சத்திரமானார். 1969-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் மனதில் பட்டதையெல்லாம் போட்டு உடைத்தார். அடுத்த வருடம் வந்த தணிக்கை ஆணைக்கு ஜனங்கள் அவர் பெயரையே வைத்தார்கள். 1972 ஜூன் 14, ஆஸ்திரேலியாவில் திரைப்பட விழா முடிந்து ஊர் திரும்பும்போது, அவர் வந்த ஜப்பான் விமானம் நம் டெல்லிக்குப் பக்கத்தில் விழுந்தது. வயது 27. கைக்குழந்தை ஒன்று ரியோவில் காத்திருந்தது. டெல்லி என்று படித்ததும் கொஞ்ச நேரம் மேலே நகரவே முடியவில்லை.

டொமிங்கோஸ் அதன் பிறகும் காதலையும் பிரிவையும்தான் எழுதினார், பெரும்பாலும் மேடைக்கு. நடுவில் இருபது வருடம் போல சினிமாப் பக்கமே காணோம். 1998-ல் 'அமோரெஸ்', 2002-ல் 'செபராசோயென்ஸ்' என்று திரும்பி வந்தார். இரண்டுமே முதலில் நாடகங்கள். இரண்டிலும் மனைவி பிரிசில்லா ரோசன்பாம் உண்டு. பார்க்கின்சன்ஸ் வந்து உடம்பு ஒத்துழைக்காத நாட்களிலும் விடவில்லை. 2016-ல் வந்த 'பிஆர் 716', கோபகபானாவில் அவர் இளவயதில் இருந்த ஃப்ளாட்டின் கதை. ராணுவம் வருவதற்கு முந்தைய குடி, கூத்து, நண்பர்கள். கதாநாயகன் யார் என்கிறீர்கள்? எழுத்தாளனாகத் துடிக்கும் ஒரு இன்ஜினியர்.

என் மேஜை டிராயரில் பாதி எழுதிய நாடகம் ஒன்று போன வருடத்திலிருந்து கிடக்கிறது. பிரிந்துபோன ஒருத்தியைப் பற்றியதுதான். யார் என்று கேட்காதீர்கள், நம் வகுப்பிலேயே சிலருக்குத் தெரியும். அவளிடம் படிக்கக் கொடுக்கலாமா என்று இரண்டு நாளாக யோசனை.