ஒரு பாலம்... அதுக்கு ஒரு ஊர்!

இங்கிலாந்தின் குட்டி ஊர் என்றாலே நம்ம மனசில் ஒரு படம் ரெடியா இருக்கும். பச்சைக் குன்று, செங்கல் வீடு, ஜன்னலில் பூந்தொட்டி, கீழே மெதுவா ஓடுற ஆறு, முனையில் ஒரு பப். ஷ்ராப்ஷயரில் இருக்கும் அயர்ன்பிரிட்ஜ் அந்தப் படத்துக்கு அப்படியே பொருந்தும். செவர்ன் ஆறு குடைஞ்ச பள்ளத்தாக்கு. அதன் சரிவில், கொலுப்படி மாதிரி அடுக்கி வெச்ச வீடுகள். கடைத்தெருவில் இருந்து சர்ச்சுக்குப் போகணும்னா மூச்சு வாங்கப் படியேறணும்.

ஆனா பாஸ், இந்த அமைதி ஊரோட பிறவிக் குணம் கிடையாது! 1801-ல் லூதர்பர்க் என்ற ஓவியர் இந்தப் பக்கத்தை வரைஞ்ச படம் லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கு. ராத்திரி நேரம், வானம் முழுக்கத் தீயும் புகையும். பார்த்தா ஊரே பத்திக்கிட்டு எரியுற மாதிரி இருக்கும்.

காரணம் மண்ணுக்கு அடியில். நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல் மூணும் இங்கே பக்கம் பக்கமா கிடைச்சது. சரக்கு ஏத்திப் போக ஆறு. பக்கத்து கோல்புரூக்டேலில் 1709-ல் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதிலா நிலக்கரியில் இருந்து எடுத்த கோக்கைப் போட்டு இரும்பு உருக்கிக் காட்டினார். காட்டை வெட்டாமலே இரும்பு! தொழிற்புரட்சிக்கு இங்கேதான் பொறி விழுந்ததுன்னு சொல்றவங்க நிறைய.

அவரோட பேரன், மூணாவது ஆபிரகாம் டார்பி, 1779-ல் ஆற்றுக்குக் குறுக்கே வார்ப்பிரும்பிலேயே பாலத்தை நிறுத்தினார். வார்ப்பிரும்பில் கட்டின உலகத்தின் முதல் பெரிய பாலம் இதுதான். சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரே வளைவு, 378 டன் இரும்பு. 1781 புத்தாண்டு அன்னிக்குத் திறந்தாங்க. கட்டணப் பலகையைப் பார்த்தா சிரிப்பு வரும். சிப்பாயா இருந்தாலும் சரி, ராஜ குடும்பமா இருந்தாலும் சரி, காசு வெச்சாத்தான் தாண்டலாம்!

இரும்பில் பாலம் கட்டுறது எப்படின்னு அன்னிக்கு ஒரு புத்தகமும் கிடையாது. வரைபடம் போட்ட பிரிட்சர்ட் அடிப்படையில் தச்சு வேலை கத்துக்கிட்டவர். பாலம் எழும்புறதுக்கு முன்னாடியே, 1777-ல் இறந்துட்டார். கட்டினவங்க மரத்தை இணைக்கிற மாதிரியே இரும்பை இணைச்சிட்டாங்க. துளை, அதுக்குள்ளே நுழையுற நாக்கு, இறுக்க ஆப்பு. ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் கை வலிக்க வலிக்க டவ்டெயில் ஜாயின்ட் அறுத்தவங்க, அதே ஜாயின்ட்டை இங்கே இரும்பில் பார்க்கலாம்.

தேவைக்கு மேலயே இரும்பைக் கொட்டினாங்கன்னு சொல்லலாம். 1796-ல் தாமஸ் டெல்ஃபோர்டு அதே ஆற்றில், பக்கத்து பில்ட்வாஸில் இதைவிட நீளமான வளைவை 173 டன்னிலேயே முடிச்சுட்டார். புத்திசாலித்தனமான அந்தப் பாலம் இன்னிக்கு இல்லை. எடை கூடின அண்ணன் மட்டும் நிக்கிறார்! 1795 வெள்ளத்தில் செவர்னின் மத்த பாலங்கள் அடிவாங்கினப்பவும் இவர் அசையலை.

ஊருக்குப் பேரே இந்தப் பாலம் கொடுத்ததுதான். பாலம் வந்தது, பக்கத்தில் சந்தை வந்தது, ஹோட்டல் வந்தது, ஊர் வந்தது. ஆனா டார்பிக்கு மிஞ்சினது கடன். அதை அடைக்காமலே 1789-ல் போய்ச் சேர்ந்துட்டார்.

பாலத்துக்கு நிஜமான வில்லன் மலைதான். இரண்டு கரையும் கொஞ்சம் கொஞ்சமா ஆற்றுப் பக்கம் நகர்ந்து பாலத்தை நெருக்குது. 1952-ல் பக்கத்து ஜாக்ஃபீல்டில் நிலம் சரிஞ்சு வீடுகளே போயிடுச்சு. 1970-களில் ஆற்றுப் படுகைக்கு அடியில் கான்கிரீட்டில் ஒரு தலைகீழ் வளைவு போட்டு, இரண்டு கரையும் நெருங்காமல் தாங்க வெச்சாங்க. மேலே தெரியுறது ஒரு வளைவு, தண்ணிக்கு அடியில் இன்னொண்ணு. போட்டோவில் விழாத எஞ்சினியரிங்!

தொழில் மட்டும் ஒவ்வொண்ணா ஊரைவிட்டுக் கிளம்பிடுச்சு. கோல்போர்ட் பீங்கான் வேலை 1926-ல் வேற ஊருக்குப் போச்சு. பாலத்தில் 1934-ல் வண்டிகளை நிறுத்தினாங்க. 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் பேர் வந்தது. இங்கே 1930-ல் ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, பழைய வார்ப்பாலைக் கட்டடத்தில் டெடி பேர் தைக்க ஆரம்பிச்சது!

என்னை ரொம்ப யோசிக்க வெச்ச வருஷம் 2017. அந்த வருஷம்தான் பாலத்தைப் பழுது பார்க்கும் பெரிய வேலை தொடங்கினது. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, முதல் நிறமான கருஞ்சிவப்பைக் கண்டுபிடிச்சு, 2018-ல் மறுபடி பூசினாங்க. அதே 2017 நவம்பரில், டார்பி தொடங்கி வெச்ச கோல்புரூக்டேலில் அடுப்புக்கு இரும்பு வார்த்துக்கிட்டிருந்த வார்ப்பாலையை மூடிட்டாங்க. முன்னூறு வருஷத் தொழில்! நினைவுச் சின்னத்துக்குப் புது பெயின்ட், தொழிலுக்குப் பூட்டு.

நாம ரசிக்கிற அந்த அமைதி, சங்குச் சத்தம் நின்ன பிறகு வந்த அமைதி. சுத்தமான காற்றும் பசுமையும் லாபம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஊர்ப் பையன் தாத்தாவோட வேலையை மியூசியத்தில் டிக்கெட் வாங்கித்தானே பார்க்கணும்?

போற சான்ஸ் கிடைச்சா, பாலத்து மேலே நின்னு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. கரைக்கு இறங்கி, அண்ணாந்து பாருங்க. ஒரே மாதிரி தெரியுற துண்டுகள்கூட அளவில் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்தந்த இடத்துக்குப் பொருந்தற மாதிரி தனித்தனியா வார்த்தது. பேர் தெரியாத தொழிலாளிகளோட கை அது!