வீணை ஏன் இரைகிறது?

வீணை கற்றுக்கொள்ளும் பெண் இருக்கிற வீட்டில், அக்னி நட்சத்திரம் வந்தால் ஒரு புது ராகம் கேட்கும். 'ஜ்ர்ர்...' என்று கம்பி இரையும்! எங்கள் மயிலாப்பூர் வீட்டிலும் இதே கதைதான். "அம்மா, நான் சரியாத்தான் அழுத்தறேன், அதுதான் கத்தறது" என்று மகளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கும். பாட்டியோ, "விரல்ல பலம் இல்லைடி" என்பார். இந்த வாக்குவாதத்திலேயே வீணைக்கு உறை போட்டு மூலையில் சாத்திவிட்ட வீடுகள் உண்டு.

குழந்தையைக் குறை சொல்வதற்கு முன் வீணையைக் கொஞ்சம் பாருங்களேன். சுரைக்குடுக்கையை லேசாகப் பிடித்துக்கொண்டு மீட்டுங்கள். இரைச்சல் நின்றால் குடுக்கைதான் தளர்ந்திருக்கிறது. எங்கும் அழுத்தாமல் மீட்டும்போதே இரைந்தால், கம்பி துருப்பிடித்திருக்கலாம். அல்லது குதிரையின் மேல்தகட்டில் கம்பி பள்ளம் பறித்திருக்கலாம். கம்பி மாற்றுவது பெரிய செலவில்லை. தகட்டை மட்டும் நீங்கள் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஒரே ஒரு ஸ்வரத்தில்தான் இரைகிறதா? அப்படியென்றால் மெழுகைப் பாருங்கள். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்த கலவையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர் வெயிலில் அது இளகும். மெட்டு மயிரிழை இறங்கும். அப்போது அங்கே விரல் வைத்தால், குதிரைப் பக்கமாக உள்ள அடுத்த மெட்டில் கம்பி உரசும். விரலிலா குற்றம்? மெழுகுவர்த்தியைக் காட்டி நாமே சரிசெய்து விடலாம் என்று மட்டும் இறங்க வேண்டாம். ஒரு மெட்டு நகர்ந்தால் சுருதியே போச்சு! மேளம் கட்டத் தெரிந்தவர் காதால் கேட்டுக் கேட்டு வைக்கிற வேலை அது.

வேடிக்கை என்னவென்றால், தம்புராவில் இந்த இரைச்சலைத்தான் தேடிப்போய் வரவழைக்கிறோம். குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி, ரீங்காரம் எழும்வரை நகர்த்துகிறோம். அதற்கு ஜீவா என்று அழகான பெயர்! ஐரோப்பாவில் ஹர்டி கர்டி என்று, சக்கரம் சுற்றி வாசிக்கும் ஒரு வாத்தியம் உண்டு. அதில் சக்கரம் உரசுகிற இடத்தில் கம்பிமேல் துளி பஞ்சு சுற்றுவார்கள், கரகரப்பு அடங்கும். ஆக, எந்த ஊரிலும் வாத்தியத்துக்கு வைத்தியம் பஞ்சும் நூலும்தான் போலிருக்கிறது.

வீணையை மேற்கு ஜன்னலோரம் வைக்காதீர்கள். பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். மேளம் கட்டுகிறவர் வரும் அன்று பெண்ணைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். எந்த மெட்டு இறங்கியிருந்தது என்று அவர் தொட்டுக் காட்டும்போது, பாட்டியும் அங்கே இருந்தால் நல்லது!