குளிரிலிருந்து இறைத்த வெப்பம்

தில்லி வீடுகள் மே மாதத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. உயரமான கூரை, சில்லென்ற மொசைக் தரை, சரியாக மூடாத ஜன்னல்கள். கோடையில் இதெல்லாம் வரம். டிசம்பர் கடைசி வாரத்தில் பனிமூட்டம் இறங்கியதும் அதே வீடு குகையாகிவிடுகிறது. பகலில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே கதகதப்பு.

காஷ்மீரத்துக்காரர்களுக்குக் குளிர் என்பது வருடத்தில் பாதி நாள் கூடவே வாழும் உறவினர். அவர்களிடம் காங்ரி உண்டு, புகாரி உண்டு. தலைநகருக்கு அது ஆறேழு வாரம் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலை 7 அல்லது 8 டிகிரி. 2006 ஜனவரி 8 அன்று போல 0.2 டிகிரிக்கு இறங்கிய நாட்கள் அபூர்வம். ஆறு வாரத்துக்காக யார் வீட்டை மாற்றிக் கட்டுவார்கள்? ரஜாய், குரங்குக் குல்லாய், சிவக்கச் சிவக்க எரியும் ராட் ஹீட்டர், இவற்றோடு காலம் ஓடிவிடுகிறது. வசதியற்றவர்களுக்கு அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தலைநகருக்கு மகள் வீட்டோடு வந்துவிட்ட எழுபத்து நான்கு வயது விவசாயி ஒருவருக்கு, தில்லியின் முதல் ஜனவரி எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தது. மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. மனைவி காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர். மார்கழியில் விடியற்காலை வாய்க்காலில் குளித்தே பழகிய உடம்பு, தில்லியில் மூன்றாம் நாளே மார்ச்சளியில் படுத்துவிட்டது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, அதற்கு மேல் ரஜாய். அப்படியும் விரல் நுனிகள் நீலம் பாரித்தன. ராட் ஹீட்டரைக் கட்டிலுக்கு அருகே வைத்தால் முழங்கால் சுட்டது, முதுகு உறைந்தது. தவிர, ரஜாயின் ஓரம் ஹீட்டரில் பட்டுவிடுமோ என்று மகளுக்கு இரவெல்லாம் தூக்கம் கிடையாது.

கீழே வாட்ச்மேன் கைகாய்ந்துகொண்டிருந்த அங்கீட்டியைப் பார்த்ததும் பெரியவருக்கு ஒரு யோசனை. "மாப்ளே, அந்த மாதிரி கரி அடுப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டா ராத்திரி முழுக்கக் கவலை இல்ல."

மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. மூடிய அறையில் கரி எரியும்போது பிராணவாயு குறையும். அதோடு கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுதலுடன் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். வட இந்தியச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு குளிர்காலமும் தவறாமல் வரும் செய்தி இது. 2024 ஜனவரியில் தில்லியில் மட்டும் இரு வேறு வீடுகளில் ஆறு பேர் இப்படி இறந்து கிடந்தார்கள்.

"வேண்டாம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அங்கே பழைய படுக்கை விரிப்பால் போர்த்தப்பட்டு ஏ.சி. தூங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி கழிந்ததும் ஏ.சி.க்குப் போர்வை போர்த்துவது தில்லிக் குடும்பங்களின் வழக்கம். ஆனால் இது 'ஹாட் அண்ட் கோல்ட்' ரகம். சாதாரண ஏ.சி.யைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். கடைக்காரர் வற்புறுத்தி விற்றது. இரண்டு வருடமாகியும் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட இடத்தை யாரும் தொட்டதில்லை. குளிர்காலத்தில் ஏ.சி. போட்டால் ஜன்னி வரும் என்பது பெரியவருடைய கட்சி. மகளுக்கோ மின் கட்டணத்தைப் பற்றிய பயம்.

அன்று இரவு போர்வை விலகியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் வெதுவெதுப்பான காற்று வந்தது. "உள்ள கம்பி காயுதா?" என்று கேட்டார் பெரியவர். கம்பி ஏதும் இல்லை, வெளியே இருக்கிற காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே விடுகிறது என்றார் மாப்பிள்ளை. பெரியவர் சிரித்தார். பல் கிட்டுகிற குளிரில் வெப்பம் எங்கிருந்து வரும்?

கேள்வி நியாயமானதே. பதிலும் எளியது. நமக்குக் குளிராகத் தெரிகிற 7 டிகிரி காற்றிலும் வெப்பம் இருக்கிறது. வெப்பம் குறைந்துகொண்டே போகும் ஏணியின் கடைசிப் படி பூஜ்யம் அல்ல, மைனஸ் 273 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் தில்லியின் பனிமூட்டம் கொதிநிலை! அந்தக் காற்றைவிடவும் குளிர்ந்த ஒரு திரவத்தை வெளியே உள்ள குழாய்களில் ஓடவிட்டால், காற்றின் வெப்பம் அதற்குள் இறங்கி அதை ஆவியாக்கும். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது சூடு ஏறும். அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிவிட்டு, மறுபடி திரவமாகி வெளியே போகும். குளிர்சாதனப் பெட்டி உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா, அதே வித்தைதான். இங்கே வெளியுலகம் பெட்டியின் உட்புறம், படுக்கையறை அதன் பின்புறம். கோடையில் ஒரு திசையிலும் குளிர்காலத்தில் எதிர்த் திசையிலும் ஓட வைக்க ஒரு வால்வு போதும்.

கருத்து புதிதல்ல. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1852இலேயே இதை எழுதிவைத்தார். ஸூரிக் நகரசபைக் கட்டடம் 1938இல் அருகில் ஓடும் லிம்மாட் நதியிலிருந்து இப்படி வெப்பத்தை எடுத்துக்கொண்டது. இன்று நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் உண்டு. மிதமான குளிர்காலம்தான் அதற்குத் தோதான களம். அப்படிப்பட்ட தில்லியில்தான் அது போர்வைக்குள் கிடக்கிறது.

மாப்பிள்ளை விளக்கி முடிப்பதற்குள் பெரியவரே பிடித்துக்கொண்டார். "பம்புசெட்டுன்னு சொல்லுங்க. தண்ணிய மோட்டாரா உண்டாக்குது? கெணத்துல கெடக்கறத மேல ஏத்துது. கரண்ட்டு ஏத்தறதுக்குத்தான்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிட முடியாது. ராட் ஹீட்டர் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. ஹீட் பம்ப் வெப்பத்தை இறைக்கிறது. வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஒரு நல்ல இயந்திரம் ஒரு யூனிட்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் கொண்டுவரும். 2,000 வாட் ஹீட்டர் தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் 12 யூனிட், மாதம் 360. அதே வெப்பத்தை இறைக்க ஏறக்குறைய 120 யூனிட் போதும். தில்லியில் இந்த வித்தியாசம் சாதாரணமல்ல. 2019 ஆகஸ்டில் வந்த சலுகையின்படி 200 யூனிட் வரை இலவசம், 400 வரை பாதி மானியம், அதைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. ஹீட்டரே 360ஐத் தின்றுவிட்டால் பிரிட்ஜும் கீஸரும் மீதி எல்லையைத் தாண்ட வைத்துவிடும். தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரத்துக்குக் காசு கட்டியே பழகாத பெரியவருக்குக்கூட இந்தக் கணக்கு ரசித்தது.

கிணற்று உவமை இயந்திரத்தின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் திணறும். வெளியே குளிர் கூடக் கூட ஹீட் பம்பும் திணறும். தேவை அதிகமாக இருக்கும் இரவில்தான் வரத்து குறையும். தில்லிக்கு இன்னொரு தொல்லை பனிமூட்டம். வெளியே 3, 4 டிகிரியில் ஈரக் காற்று குளிர்ந்த குழாய்களில் பட்டதும் வெண்பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு ஏ.சி. திடீரென்று காற்று விடுவதை நிறுத்தியதும் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பால்கனியில் இருந்த வெளிப்பெட்டியிலிருந்து புகை போல ஆவி, கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பழுதில்லை. இயந்திரம் சில நிமிடங்களுக்குத் திசை மாறி, தன் மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது. "ஃபுட்வால்வுல சேறு அடைச்சா எடுத்துக் கழுவற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் படுத்துக்கொண்டார்.

மற்ற குறைகளும் தெரிய வந்தன. சூடான காற்று மேலே மிதக்கும். உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டிய ஏ.சி. தலையைச் சூடாக்கிப் பாதத்தை மறந்துவிடும். காற்றைத் தரை பார்த்துத் திருப்பிவிட்டார்கள். மொசைக் தரையில் ஜமுக்காளம் விரித்தார்கள். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு நாடா ஒட்டினார்கள். அதற்குப் பிறகு 21 டிகிரிக்கு வைத்ததே போதுமானதாக இருந்தது. 'ஏ.சி. காற்று தொண்டையை வறட்டும்' என்ற புகாரில் பாதிதான் உண்மை. எந்த வழியில் சூடாக்கினாலும் அறைக் காற்றின் ஈரப்பதம் விகிதத்தில் குறையத்தான் செய்யும். மற்றபடி, கடையில் ஏ.சி.யின் நெற்றியில் மின்னும் நட்சத்திரங்கள் அது எவ்வளவு சிக்கனமாகக் குளிர்விக்கும் என்பதற்கான மதிப்பெண்தான். சூடாக்கும் திறனைத் தனியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரத்தில் மார்ச்சளி இறங்கியது. அங்கீட்டிப் பேச்சும் நின்றது. ஆனால் கீழே வாட்ச்மேன் இரவெல்லாம் இலைச் சருகையும் அட்டைப் பெட்டிகளையும் எரித்துக்கொண்டுதான் இருந்தார். தலைநகர்ப் பகுதியின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் திட்டம், காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் கொடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கங்களைப் பணிக்கிறது. பணிப்பது காகிதத்தில் இருக்கிறது. கூரையும் நான்கு சுவரும் இல்லாதவருக்கு ஹீட் பம்ப் உதவாது. இறைத்த வெப்பத்தைத் தேக்கி வைக்க அவருக்குத் தொட்டி இல்லை.

அந்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் பெரியவர் போனார். இந்தி தெரியாது. மகள் மொழிபெயர்த்தாள். காவல் கூண்டுக்கு ஒரு கதவு, ஒரு ஹீட்டர், இவ்வளவுதான் கேட்டார். யூனிட் கணக்கு யார் தலையில் என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கதவு பிப்ரவரி முதல் வாரத்தில் வந்து சேர்ந்தது. அதற்குள் குளிர் பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தது. ஹீட்டர் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.