எருமையும் இயந்திரமும்

மழைக்காலத்திலே பேராதனையைக் கடந்து செல்லும் மகாவலி செந்நிறம் பூண்டு ஓடும். அந்நிறம் ஆற்றுக்கு உரியதன்று. கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலிருந்து கழுவுண்டு வரும் மேல்மண்ணுக்கு உரியது. 1820களிற் கோப்பிக்காகவும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிவைத்த பின்னர்த் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. அன்றுதொட்டு மலைநாட்டு மண் கடலை நோக்கிப் பயணஞ் செய்து வருகின்றது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டின் பின்னாலும் அது வண்டலாய்ப் படிந்தது. சரிவு மண்ணிழந்து விளைச்சல் குன்றும்போது, அதன் விலையை முதலிற் கொடுப்பவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளரே.

இம்மண்ணைக் காக்கவேண்டும் என்று ஓயாது வற்புறுத்தியவர்களுள் ஒருவர், மண்ணை உழும் இயந்திரத்தாற் பெயர்பெற்ற பொறியியலாளர் என்பது வியப்புக்குரியது. அவரே ரே விஜேவர்த்தன.

1924 இற் பிறந்த அவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்றார். ஆபத்தை அஞ்சாத இயல்பு அவருடன் கூடவே வளர்ந்தது. இலகுரக விமானங்களைத் தாமே அமைத்து, தாமே அவற்றை வானிற் செலுத்திப் பார்த்தார். கடலும் அவரை அழைத்தது. 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விளையாட்டுக்களில், அக்கபுல்கோக் கடலில் நடைபெற்ற பாய்ப்படகுப் போட்டியில், ஒருவரே செலுத்தும் ‘ஃபின்’ வகைப் படகில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டபோது அவருக்கு வயது நாற்பத்துநான்கு.

எனினும், அவரது வாழ்வின் மிகத் துணிகரமான செயல் கடலிலோ வானிலோ நிகழ்ந்ததன்று. 1950களில் அவர் உருவாக்கிய இரு சில்லு உழவு இயந்திரம் ‘லாண்ட் மாஸ்டர்’ என்னும் பெயருடன் பல நாடுகளுக்குச் சென்றது. நம் நாட்டு வயல்களில் அப்பெயரே அவ்வகை இயந்திரத்துக்குப் பொதுப்பெயருமாயிற்று. 1960களில் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே இவ்வியந்திரம் பற்றி அவர் விளக்கியபோது ஒரு கேள்வி எழுந்தது: இது வேளாண்மையை இயந்திரமயமாக்கியதா, அல்லது எருமையை மட்டுமா? அக்கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. எருமையைத்தான் இயந்திரமாக்கினோம் என்று ஒப்புக்கொண்டார். அதனைப் பிற்காலத்திலும் மறைக்காது எடுத்துரைத்தார்.

பின்னர் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பவலய வேளாண்மை நிறுவகத்திற் பணியாற்றியபோது, உழாமலே பயிரிடும் முறைகளில் ஈடுபட்டார். வெப்பவலயத்துப் பெருமழை திறந்த மண்ணைத் தாக்கிக் கரைத்துச் செல்லும். இலைகுழையால் மூடப்பட்ட மண்ணோ நீரை உள்வாங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆதலால் மலைச்சரிவுகளிற் சமவுயரக் கோட்டு வழியே சீமைக்கிளுவையை நிரைநிரையாக நடுமாறு அவர் எடுத்துரைத்தார். அதன் வேர் மண்ணைப் பிணிக்கும். வெட்டிய குழை மண்ணுக்குப் போர்வையாகி நைதரசனை ஊட்டும். தடியோ விறகாகும், மின்னுற்பத்திக்கும் உதவும். 2005 இல் இம்மரம் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அங்கீகாரம் பெற்றது.

பாய்ப்படகு செலுத்துவோன் காற்றுக்குக் கட்டளையிடுவதில்லை. அதன் போக்கறிந்து பாயைத் திருப்புகின்றான். மழையோடும் சரிவோடும் மல்லுக்கட்டாது அவற்றின் இயல்பறிந்து பயிர் செய்யும் முறையும் அத்தகையதே.

2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கிய விஜேவர்த்தன, 2010 ஆகத்து 18 ஆம் நாள் மறைந்தார். புதியன காண்பதற்கு அறிவு போதும். தாம் கண்டதை உலகம் புகழும் வேளையிலே அதன் குறையைத் தாமே கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பட்டம் பெற்று வெளியேறுவோர் அவரிடமிருந்து கற்கவேண்டியது அந்நெஞ்சுரத்தையே.