ஒட்டும் வண்ணமும் ஊறும் வண்ணமும்

துணியில் வண்ணம் ஏற்றும் தொழில் நமது வட்டாரத்திற்குப் புதியதன்று. புதுவாயலிலிருந்து வடகிழக்கே, அதிகத் தொலைவில்லாத பழவேற்காட்டில், 1613ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அவர்களை இக்கரைக்கு இழுத்து வந்தவை சோழமண்டலத் துணிகளே. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் கொள்முதல் செய்ய நம் துணிகள் செலாவணி போலவே பயன்பட்டன. இன்றும் மலேசிய நாட்டில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். அது நம் பழவேற்காட்டின் பெயரே.

அந்தப் பழைய தொழில் மறைந்த மண்ணில் இன்று வேறொரு தொழில் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. பெரியபாளையம் சாலை கல்கத்தா நெடுஞ்சாலையைச் சந்திக்கும் ஊர் புதுவாயல். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. ஒப்பந்தத் தொழிலாளர்க்குச் சீருடை, கபடிக் குழுவுக்கு எண் பொறித்த சட்டை, திருவிழாவில் தொண்டு செய்யும் இளைஞர்க்கு ஊர்ப்பெயர் எழுதிய சட்டை என்று தேவைகள் பெருகிவிட்டன. இவற்றை எழுதித் தர, ‘ஹீட் பிரஸ்’ எனப்படும் வெப்ப அழுத்தப் பொறியைச் சில குடும்பங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. நமது பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரியும் அவர்களுள் ஒருவர். கணவரை இழந்தவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்று, கூடத்தின் ஒரு மூலையில் அப்பொறியை அமைத்து, இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

பொறியின் அமைப்பு எளியது. கீழே மெத்தென்ற பரப்புடைய தட்டு; மேலே மின்சாரத்தால் சூடேறும் உலோகத் தட்டு; இரண்டையும் அழுத்திச் சேர்க்க ஒரு கைப்பிடி. துணியில் ஒட்ட வேண்டிய ‘வினைல்’ என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் ஒருபுறம் சூட்டில் இளகும் பசை பூசப்பட்டிருக்கும். மறுபுறம் கண்ணாடி போன்ற தாங்குதாள் இருக்கும். எழுத்தைக் கணினியில் இடவலம் மாற்றி அமைத்து, வெட்டும் பொறியின் கத்தியால் வினைலை மட்டும், தாங்குதாள் அறுபடாமல், வெட்ட வேண்டும். வேண்டாத பகுதிகளைக் கூரிய கொக்கியால் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு துணியைச் சில நொடிகள் வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்கி, எழுத்தை வைத்து, பருத்தித் துணியாயின் ஏறக்குறைய 150 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் பத்து முதல் பதினைந்து நொடிகள் அழுத்தினால் பசை இளகி நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும். தாங்குதாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறிய பின் உரிப்பதா என்பது வினைலின் இனத்தைப் பொறுத்தது. சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மிகுந்தாலும் வேலை கெடும். சாதாரண இஸ்திரிப் பெட்டியால் செய்த எழுத்துகள் விரைவில் உரிந்துவிடுவதற்குக் காரணமும் இதுவே: அதன் சூடும் கையின் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு விளையாட்டுக் குழுவினர் இருபத்து நான்கு சிவப்புச் சட்டைகளைத் தாமே வாங்கிக் கொடுத்து, வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் ஒட்டித் தருமாறு அச்சகோதரியிடம் கேட்டனர். இரண்டு நாளில் வேண்டும் என்றனர். அவர் இரவு கண்விழித்து முடித்துக் கொடுத்தார். எழுத்துகள் பால்போல் வெண்மையாய் இருந்தன. நான்காம் நாள் சட்டைகள் திரும்பி வந்தன. வெள்ளை எழுத்துகள் யாவும் ரோஜா நிறமாகிவிட்டிருந்தன. யாரும் துவைக்கவில்லை, வெயிலில் போடவில்லை, மடித்து வைத்திருந்தபடியே நிறம் மாறியிருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அச்சட்டைகள் பருத்தியன்று, பாலியெஸ்டர். பாலியெஸ்டருக்கு ஏற்றப்படும் சாயம் மிகுந்த சூட்டில் ஆவியாகி எழும் இயல்புடையது. பருத்திக்குரிய சூட்டில் அழுத்தியபோது துணியின் சிவப்புச் சாயம் இடம்பெயர்ந்து, மேலே ஒட்டிய வெள்ளைப் படலத்திற்குள் மெல்ல மெல்ல ஊடுருவிவிட்டது. அழுத்திய உடனே இது தெரியாது. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தே வெளிப்படும். குறைந்த சூட்டில், ஏறத்தாழ 130 டிகிரியில், ஒட்டக்கூடிய வினைலும், சாயம் ஏறாதபடி தடுக்கும் உட்படலம் உடைய வினைலும் இதற்கெனவே கிடைக்கின்றன. ஆனால் துணி இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. கேர்து என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, நம் கரையில் துணிக்கு வண்ணம் தீட்டும் முறையை, அத்தொழில் அறிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து, 1742ஆம் ஆண்டில் ஒரு நீண்ட மடலாக எழுதினார். ஐரோப்பியத் தொழிலாளர் வெகுகாலமாய் அறிய விரும்பிய நுட்பம் அது. அந்த முறையில் வண்ணம் தீட்டுவது பிந்திய வேலை. அதற்கு முன்னரே துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து, உலர்த்திப் பக்குவப்படுத்துவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரநீரால் வரைந்து, பிறகு சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் இழையைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறியதை வெளுத்துப் போக்கிவிடலாம். அவ்வண்ணம் துணியின் மேல் நிற்பதில்லை. துணிக்குள் ஊறி நிற்கும். துணியின் குணத்தை அறியாமல் அக்கலைஞர் தூரிகையைத் தொடுவதில்லை.

இன்றைய வினைலோ மேலே ஒட்டி நிற்பது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டைக்கும் எழுதலாம், தண்ணீர் வேண்டாம், சாயக்கழிவு இல்லை, ஓர் ஏழை வீட்டின் கூடமே தொழிற்சாலையாகிறது. ஆனால் மேலே ஒட்டுவதால் கீழே இருப்பதைப் பற்றிக் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அடியில் இருப்பது மேலே வந்தே தீரும்.

சட்டைகள் திரும்பி வந்ததும் வழக்கு என்னிடம் வந்தது. சிற்றூர்களில் பங்குத்தந்தையிடம் இத்தகைய நியாயங்களும் வருவதுண்டு. குழுவினர், “வேலையைக் கெடுத்தவர் ஈடு தர வேண்டும்” என்றனர். அவர்களிடம், “துணியை வாங்கி வந்தவர்கள் நீங்கள். அது பாலியெஸ்டர் என்று சொன்னீர்களா?” என்று கேட்டேன். அவர்கள் பேசவில்லை. நட்டத்தை இருபுறமும் பாதியாய்ப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அச்சகோதரி, “வேணாம் ஃபாதர். அவங்களுக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்? என்ன துணின்னு கேக்க வேண்டியது என் வேலைதானே” என்றார்.

எளிதாய்ச் சொல்லப்பட்ட சொல் அன்று அது. இருபத்து நான்கு புதிய சட்டைகளின் விலையும், சிறப்பு வினைலின் விலையும் அவருடைய பல மாத வருவாயை விழுங்கின. சுயஉதவிக் குழுவின் தவணை நிற்கவில்லை. பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் நிற்கவில்லை. இம்முறை அவர் முதலில் ஒரே ஒரு சட்டையில் ஒட்டி, ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பார்த்தார். ஒரு முறை துவைத்தும் பார்த்தார். வெண்மை மாறவில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றைச் செய்து கொடுத்தார். அக்குழுவினர் பேசிய கூலியைத் தந்தனர், மறுபடி வரவில்லை. நல்ல செயலுக்கு உடனே கைம்மாறு கிடைக்கும் என்பது கதைகளில்தான்.

ஆனால் இன்று அவருடைய பொறிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ‘என்ன துணி? எப்போது வேண்டும்? ஒன்று செய்து காட்டிய பின் மற்றவை’ என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டு நாளில் வேண்டும் என்று வருபவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அத்தாளைப் படித்துவிட்டுத் தாமும் காத்திருக்க இசைபவர்கள் இருக்கிறார்கள்.

இத்தொழிலில் இறங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். இப்பொறி 1,500 வாட் அல்லது அதற்கு மேலும் மின்சாரம் இழுக்கக் கூடியது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய சிறிய பிளக்கில் செருகாமல், நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில் செருகுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் செய்யலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். வினைல் கருகினால் எழும் புகை நுரையீரலுக்குத் தீங்கானது. சூடான தட்டின் அருகே குழந்தைகளை விடாதீர்கள். சட்டையைக் கொடுக்கும்போது, ஒரு நாள் கழித்தே துவைக்க வேண்டும், உள்புறத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது என்பவற்றைச் சொல்லிக் கொடுங்கள். மழைக்கோட்டுத் துணி போன்று நீர் ஒட்டாதபடி மெருகு பூசிய துணியில் எழுத்து நிலைக்காமல் போகலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்குகிற நாமும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நாளைக் காலை திருவிழா என்று இன்று மாலை சட்டைகளைக் கொண்டுபோய்க் கொட்டுவது நமது வழக்கம். பொறிக்குப் பதினைந்து நொடி போதும். அதை இயக்கும் கைகளுக்கு ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரத்தை அக்குடும்பங்களுக்கு மனமுவந்து கொடுப்போமாக.