தண்ணீர் வரும் வரைக்கும்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகிற பேருந்தில் பாதிக் கூட்டம் திருக்கடையூரில் இறங்கிவிடும். அறுபதாம் கல்யாணக் கூட்டம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அரக்குப் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் மாப்பிள்ளை, அதாவது அவருடைய கணவர், கூட்டத்தைப் பற்றி நடத்துநரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “பாருங்க சார், நாப்பது வருஷமா இவரோட குப்பை கொட்டிட்டேன். நியாயமா இந்த விசேஷம் எனக்குத்தான் பண்ணணும்” என்றார் அம்மா. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

நான் போய்க்கொண்டிருந்ததும் பொறுமை சம்பந்தமான வேலையாகத்தான். எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்தில் ‘நீடிய பொறுமை’ பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று ஐயர், அதாவது எங்கள் போதகர், சொல்லியிருந்தார். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களை வரிசைப்படுத்துகிறார். அதில் நான்காவதாக வருவது இது. கனி என்று சொல்லிவிட்டதால் அது பழுக்க நாள் பிடிக்கும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதைப் பற்றிப் புத்தகங்களில் தேடுவதைவிட, பொறுமையைப் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒருவர் வாழ்ந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது.

தரங்கம்பாடியில் இறங்கி, 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. நேராக நடந்தால் கடல். அதன் கரையில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த ஒப்பந்தப்படி டேனியர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. சற்றுத் தள்ளி, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். 2004 சுனாமியையும் பார்த்த கரை இது.

இந்தக் கரையில்தான் 1706 ஜூலை 9ஆம் தேதி மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். கோபன்ஹேகனில் கப்பலேறி ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கே அனுப்பிய ஆட்கள். ஆனாலும் இங்கிருந்த டேனிஷ் ஆளுநருக்கு அவர்கள் வருகை பிடிக்கவில்லை. பல மணி நேரம் வெளியே நிறுத்திவைத்தார். தங்க இடம்கூடக் காட்டவில்லை. நான் தேடி வந்த சீகன்பால்குவுக்கு அப்போது வயது சுமார் 24.

அவர் பிறவியிலேயே சாந்தசொரூபி இல்லை. கோபமும் மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் சேர்ந்த மனிதர். ஆனால் அவரிடம் ஒரு கால அட்டவணை இருந்தது. திண்ணைப்பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். எழுத்து பிடிபட்ட பிறகு, காலை ஏழிலிருந்து எட்டு வரை முந்தைய நாள் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடி ஒன்று. பக்கத்தில் ஒரு வயதான புலவர். பிற்பகலில் மறுபடியும் சுவடி. இது ஒரு நாள் இரண்டு நாள் கதையல்ல, வருடக்கணக்கில் நடந்தது.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறைக்குப் போனார். கடன் வழக்கொன்றில் ஒரு விதவைக்காகப் பரிந்து பேசப்போய் ஆளுநரோடு முற்றிய தகராறு அது. இதே கோட்டையில் நான்கு மாதத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். தமிழ்ச் சுவடிகள் கைக்கு எட்டாது. எழுத அனுமதி கிடைத்த பிறகு, இருந்த மொழியில், இருந்த தாளில் நூல் எழுதினார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711இல் முடித்தார்.

கோட்டையின் மாடியில் கடற்காற்றில் நின்று இதை யோசித்தபோது ஒன்று தெளிவாயிற்று. பொறுமை என்ற பெயரில் நம் வீடுகளிலும் சபைகளிலும், முக்கியமாகப் பெண்களிடமும் ஏழைகளிடமும், வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறோம். அநியாயத்தைக் கண்டும் பேசாதிருப்பதைக் கிறிஸ்தவப் பொறுமை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. விதவைக்காகச் சீகன்பால்கு பேசத்தான் செய்தார். பேசியதற்கு வந்த விலையைச் சுமந்த விதத்தில்தான் அவருடைய பொறுமை இருந்தது.

எழுதி முடித்தால் அச்சாகிவிடுமா? இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவே வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மறு வருஷம் வந்தன. அவை அளவில் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாள் தட்டுப்பாடு வந்ததும் பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்யப் பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்றே பெயர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசாக வெளிவந்தது.

ராஜ வீதியிலேயே புது எருசலேம் ஆலயம். முகப்பில் பிரடெரிக் அரசரின் கிரீட முத்திரை. உள்ளே பலிபீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை. ஆலயத்தைத் திறந்துவிட்ட பெரியவர், “ஸ்தோத்திரம் ஐயா, செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க” என்றார். பிறகு அவரே சொன்னார்: “சீகன்பால்கு ஐயர் இந்தக் கோயில்ல ரொம்ப நாள் பிரசங்கம் பண்ணல. 1718 அக்டோபர்ல பிரதிஷ்டை. மறு பிப்ரவரியில போயிட்டார்.” அப்போது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. அதைத் திருத்திச் செம்மையாக்க, பின்னால் வந்த பப்ரிஷியஸ் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713இல் ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். இதை அச்சிடவா உங்களை அனுப்பினோம் என்ற மனநிலையில் அங்கிருந்த மிஷன் பொறுப்பாளர்கள் கிடப்பில் போட்டார்கள். அது அச்சேறியது 1867இல், சென்னையில். விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் பொறையாரில் தேநீர் குடிக்க நின்றேன். ஆனி மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி கடைத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. காவிரிக்கு இது கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம்.

“எப்ப வரும் ஐயா இங்க?” என்று பக்கத்திலிருந்த விவசாயியிடம் கேட்டேன்.

“அது அதோட இஷ்டம் தம்பி. மேல உள்ளவங்க குடிச்சு மிச்சம்தானே நமக்கு.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் வேலை இல்லேன்னா நெனச்சீங்க? வாய்க்கா வெட்டணும், வரப்பு கட்டணும், நாத்தங்கால் தயார் பண்ணணும். தண்ணி வந்தப்புறம் மம்பட்டியத் தேடுனா அது பக்கத்து வயலுக்குல்ல போயிடும்.”

யாக்கோபு தம் நிருபத்தில் பொறுமைக்குக் காட்டுகிற முதல் ஆளே ஒரு விவசாயிதான். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறவன். அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற ஒருவன்தான் என் மனதில் வருவான். பொறையார்க்காரர் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மறதி. தினமும் சாயங்காலம், “இப்பத்தானேடா மாத்திரை போட்டேன்” என்பார். போட்டிருக்க மாட்டார். வாதாடினால் அரை மணி நேரம், இருவருக்கும் கோபம். இப்போது வாதாடுவதில்லை. காலையிலேயே அன்றைய மாத்திரைகளைக் கிழமை எழுதிய டப்பாவில் போட்டுவைத்துவிடுகிறேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தால், எண்ணிப் பார்த்துவிட்டு அவரே போட்டுக்கொள்கிறார். அம்மாவின் மறதி குறையவில்லை. என் குரல் உயருவது குறைந்திருக்கிறது.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். கர்த்தர் எனக்குப் பொறுமையைத் தரவேண்டும் என்று ஜெபிப்பது நல்லதுதான். ஜெபித்துவிட்டு எழும்போது, தாமதமாகிக்கொண்டிருக்கிற அந்தக் காரியத்தில் இன்று நம் கையால் முடிகிற ஒரு பங்கு எது என்று பாருங்கள். பிள்ளையின் படிப்போ, ஆறாத மனத்தாங்கலோ, தீராத நோயோ, எதுவாகவும் இருக்கலாம். சீகன்பால்குவைப் போல அதற்குக் காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒதுக்குங்கள். முடிவு நம் காலத்தில் வரலாம், வராமலும் போகலாம். அது கர்த்தருடைய பொறுப்பு. அந்த ஒரு மணி நேரம் நம்முடையது.