குடிபெயர்ந்தோர் செய்த இசைக்கருவி

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடிச் செல்வோர் தம்முடன் எதனை எடுத்துச் செல்கின்றனர்? பாத்திரமும் பண்டமும் துணிமணியும் எடுத்துச் செல்கின்றனர் என்பது கண்ணுக்குத் தெரிந்த விடை. அவை சில ஆண்டுகளில் தேய்ந்தும் உடைந்தும் போகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் உடன் செல்வது ஒன்று உண்டு, அது கைப்பழக்கம். அதற்குச் சுமைகூலி இல்லை. சுங்க வரியும் இல்லை. ஆயினும், மூத்தோர் கையிலிருந்து இளையோர் கைக்கு மாறாவிடில் அது ஒரே தலைமுறையில் மறைந்துவிடும். இவ்வுண்மையை எங்கள் இல்லத்தில் எங்களுக்கு உணர்த்தியது ஒரு சின்னஞ்சிறிய இசைக்கருவி. அதன் பெயர் யூகுலேலே.

வாசக அன்பர்களில் பலர் இதனைப் பார்த்திருப்பர். பெங்களூரில் இசைக்கருவி விற்கும் கடைகளில் கித்தாரின் குட்டியைப் போல இது சுவரில் வரிசையாகத் தொங்கும். நான்கே தந்திகள், பழமையான சிறு அளவினதாயின் தலை முதல் அடி வரை ஏறத்தாழ 21 அங்குலம். எடை மிகக் குறைவு. குழந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசிக்கலாம். இது பிறந்த வரலாறு நம்மைப் போன்ற குடிபெயர்ந்தோர் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தோர் 400க்கும் மேற்பட்டோர். அவர்கள் அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவினர்; கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்கள். அவர்களுள் மூவர் மரவேலை வல்லவர்கள்: மானுவல் நூனெஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. தோட்டத்து வேலைக்குப் பின்னர் அவர்கள் ஹொனலுலு நகரில் பட்டறை அமைத்தனர். தம் தீவில் வழங்கிய சிறிய நாற்றந்திக் கருவியை நினைவில் வைத்து, புதிய ஊரில் கிடைத்த 'கோவா' என்னும் மரத்தில் அதனைச் செய்தனர். அம்மரம் நம் ஊர்க் கருவேலத்திற்கு உறவுடையது. பழைய கருவி அப்படியே வரவில்லை. அளவும் மாறிற்று, சுருதியும் மாறிற்று. அதுவே யூகுலேலே ஆயிற்று.

ஹவாய் மக்கள் அதனை அயலார் பொருளென்று ஒதுக்கவில்லை. அந்நாட்டு மன்னர் கலாக்கவா அதனை விரும்பி ஆதரித்தார். அரண்மனை விழாக்களில் அது ஒலித்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சி வழியே அமெரிக்கா முழுவதும் அதன் புகழ் பரவிற்று. ஹவாய் மொழியில் அப்பெயருக்குத் 'தாவும் தெள்ளுப்பூச்சி' என்பது பலரும் கூறும் பொருள். வாசிப்போர் விரல்கள் தந்திகளின்மேல் துள்ளுவதால் அப்பெயர் வந்ததாம். அந்நாட்டின் கடைசி அரசியாராகிய லிலியுவோகலானியோ 'இங்கு வந்த பரிசு' என்று பொருள் கூறினார். வந்தவர்கள் கொணர்ந்ததைப் பரிசென்று கருதிய அப்பெருமனத்தை எண்ணி வியக்கிறோம்.

நம் முன்னோர் வரலாறும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அந்தக் கப்பலுக்கு 19 ஆண்டுகள் முன்னதாக, 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் இருந்தவர்களும் கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தத்தில் சென்றவர்களே. அவர்களுள் தமிழர் பலர். 1809இல் பெங்களூரில் படைப்பாளையம் அமைந்தபோது அதனைச் சார்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உளி பிடித்த கையோடும் கரண்டி பிடித்த கையோடுமே வந்தன. ஆகவே, யூகுலேலேயை 'மேல்நாட்டு விளையாட்டுப் பொருள்' என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அது கூலியாகச் சென்றவர்களின் பொழுதுபோக்கு. நமக்குத் தூரத்து உறவு.

இனி எங்கள் இல்லத்துச் செய்தியைச் சொல்வோம். எங்கள் பேத்திக்கு வயது பதினொன்று. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பேசுகிறாள். பெற்றோர் இருவரும் அலுவலகம் செல்வோர். மாலையில் அவர்களுக்கும் அவளுக்கும் இடையே நடப்பது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். விடை மட்டும் 'உம்' என்றோ 'வேண்டாம்' என்றோ வரும். தமிழ் கற்பிக்கப் புத்தகம் வாங்கினோம். அது அலமாரியில் உறங்கிற்று. இந்த நிலை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதழின் வாசகர்கள் அறிவர். தாத்தா பாட்டியோடு பேசச் சொல்லில்லாத ஒரு குழந்தை வீட்டுக்குள்ளேயே அயலூரில் இருக்கிறது அன்றோ?

அவள் ஒருநாள் தனக்கு யூகுலேலே வேண்டும் என்றாள். "வாங்குவானேன்? செய்வோம்" என்றோம். எங்கள் தெருவில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாகத் தச்சுத் தொழில் புரியும் ஆசாரியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று கேட்டோம். "வீணையே செய்கிற கைகள் நம் ஊரில் உண்டு ஐயா, இது எம்மாத்திரம்? பாப்பாவையும் அழைத்து வாருங்கள்" என்றார். மூன்று மாதம், ஞாயிறுதோறும் அவர் பட்டறையே எங்களுக்குப் பள்ளியாயிற்று.

முதலில் மரம். மேற்பலகைக்குப் பழைய தேவதாருப் பெட்டி ஒன்றைப் பிரித்தோம். ஒலி எழுப்புவது மேற்பலகையே. ஆதலால் அதனை இரண்டு மில்லிமீட்டர் கனத்திற்கு இழைக்க வேண்டும். மரத்தின் வரி தந்தி ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். தடித்தால் ஊமையாகும், மெலிந்தால் தந்தியின் இழுப்புக்குத் தாளாது. அதற்காகவே உட்புறத்தில் மெல்லிய விலாக்கட்டைகளை ஒட்டுகின்றனர். விலாப்புறத்திற்கான ஒடுங்கிய பலகைகளை நீரில் ஊறவைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தி வளைத்தார் ஆசாரியார். பொறுமை இழந்தால் பலகை விரிந்துவிடும். இடுப்பு வளைவு ஒன்றுக்கே ஒரு ஞாயிறு கழிந்தது.

கழுத்துக்குப் பலாமரம் எடுத்தோம். தஞ்சாவூர் வீணைக்கு உரிய மரம் அதுவே. ஒரே பலாக்கட்டையில் குடமும் தண்டியும் தலையும் கடைந்தெடுத்த வீணையை 'ஏகாண்ட வீணை' என்பர். பலாவென்று நாங்கள் சொன்னதும், உடன் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுவன் 'ஹலசு' என்றான். எங்கள் பேத்தி வியந்தாள். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி என்று ஆசாரியார் அடுக்கினார். உளிக்கோ இரு மொழியிலும் ஒரே பெயர். அன்று முதல் இரு குழந்தைகளும் பட்டறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரு மொழிப் பெயரையும் கேட்டு எழுதலாயினர். இழைப்புளி, கொட்டாப்புளி, அரம், மூலைமட்டம், உப்புத்தாள் என அவள் ஏட்டில் சொற்கள் பெருகின. பாடப் புத்தகத்தால் வாராத தமிழ் மரத்தூளோடு வந்து ஒட்டிக்கொண்டது.

மெட்டுகள் பதிப்பது நுட்பமான பகுதி. வீணையில் 24 மெட்டுகளைத் தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த கலவையின்மேல் பதித்து, செவியால் ஒலி கேட்டே நிலைநிறுத்துவர். யூகுலேலேயில் மெட்டுக் கம்பிகளை மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்துவிடுவதால் பின்னர் நகர்த்த இயலாது. கணக்குப் பார்த்தே அறுக்க வேண்டும். தந்தியின் அதிரும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வாறே வகுத்தால் அடுத்த மெட்டு. எங்கள் கருவியில் அந்நீளம் 343 மில்லிமீட்டர். முதல் மெட்டு 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அமைந்தது. இப்படியே சென்றால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் வந்து நிற்கும். வகுத்தல் கணக்கைக் கண்டால் முகம் சுளிக்கும் பேத்தி, பன்னிரண்டும் தானே கணக்கிட்டு, பாதியில் வந்து நின்றதும் கைதட்டினாள்.

அலங்காரம் அடுத்தது. ஹவாயிலும் இதற்கு மரபு உண்டு. சாமுவேல் கமாக்கா என்பவர் 1920களில் இடுப்பு வளைவு இல்லாத நீள்வட்ட வடிவில் யூகுலேலே செய்தார். அது அன்னாசிப்பழம் போலிருக்கிறது என்று நண்பர்கள் கூற, ஓவியர் ஒருவர் அதன்மேல் அன்னாசியையே வரைந்துவிட்டார். அவ்வடிவம் இன்றளவும் அப்பெயரால் வழங்குகிறது. நாங்கள் நம் மரபை நாடினோம். ஒலித்துளையைச் சுற்றிச் சிறு புள்ளிக் கோலம் ஒன்றை எங்கள் இல்லத்தரசியார் பென்சிலால் இட, பேத்தி மெல்லிய தூரிகையால் வெள்ளை வண்ணம் தீட்டினாள். மேற்பலகை முழுவதும் வண்ணம் அப்பினால் நாதம் மழுங்கும். ஆகவே கோலம் போதும் என்று நிறுத்தி, அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லிய பூச்சிட்டோம். பிரடைகளின் தலைக்குச் சென்னபட்டணம் சென்றோம். மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சுழலும் கடைசல் கட்டையின்மேல் வண்ண அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிவதையும், தாழை மடலால் தேய்க்கப் பளபளப்பு ஏறுவதையும் குழந்தைகள் இமை கொட்டாமல் பார்த்தனர். மஞ்சளும் சிவப்புமாக நான்கு தலைகள் அமைந்தன.

நான்கு தந்தி கட்டினோம். ஐரோப்பிய முறைப்படி அவற்றின் சுரங்கள் ஜி, சி, ஈ, ஏ. 'சி' என்பது நம்மவர் ஒரு கட்டை என்னும் சுருதி. அதனைச் சட்சமாகக் கொண்டால் நான்கு தந்திகளும் முறையே ப, ச, க, த என்று ஒலிக்கும். மோகன இராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு, விரல் வையாமலே கிடைக்கின்றன! எஞ்சிய ரிஷபம் சட்சத் தந்தியின் இரண்டாம் மெட்டில் இருக்கிறது. பழந்தமிழ் இசையை ஆய்ந்தோர் முல்லைப்பண் என்று கொள்வதும் இந்த மோகனத்தையே. கடல்கள் கடந்து வந்த கருவியின் வெறுந்தந்தியில் நம் பண் உறங்குவதைக் கண்டு மகிழ்ந்தோம். முதல் மாதத்திலேயே பேத்தி தாலாட்டு மெட்டு ஒன்றைத் தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு வாசிக்கலானாள். மெட்டு கேட்கப் போனவளுக்குப் பாட்டின் சொல்லும், சொல்லின் பொருளும், பாட்டியின் ஊர்க்கதையும் சேர்ந்து கிடைத்தன.

"இதற்குப் பதில் வீணை கற்பிக்கலாமே" என்று நண்பர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. யூகுலேலேயில் வீணைபோல் தந்தியை இழுத்து ஆழ்ந்த கமகம் பிடிக்க முடியாது. அதன் நாதம் விரைவில் அடங்கிவிடும். எளிய பாட்டுகளுக்கே அது ஏற்றது. கச்சேரி மேடைக்கு அதனை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் வெளியிலிருந்து வந்ததென்பது ஒன்றே குறையாகாது. பிடிலைப் பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் நம் இசைக்கு இசைவித்தனர்; இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. மாண்டலினை உ. சீனிவாஸ் அவர்களும், சாக்சபோனை இந்தக் கர்நாடக மண்ணில் பிறந்த கத்ரி கோபால்நாத் அவர்களும் நம்முடையவை ஆக்கிச் சென்றனர். மேலும், பேத்தியே இப்போது, "தாத்தா, வீணையின் மெட்டு மெழுகில் எப்படி நிற்கிறது?" என்று கேட்கிறாள். சிறிய வாசல் பெரிய வீட்டுக்கு வழிவிடலாம்.

கருவி முடிந்த நாளில் ஆசாரியார் ஒரு வழக்கம் சொன்னார்: செய்தவர் பெயரும் ஊரும் நாளும் எழுதிய சீட்டை உள்ளே ஒட்டுவது முறை. பேத்தி தாளை வாங்கிச் சென்றாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆசாரியார் பெயரை முதலிலும் கன்னடச் சிறுவன் பெயரையும் தன் பெயரையும் அடுத்தும், கீழே 'பெங்களூரு' என்றும் தமிழ் எழுத்தில் எழுதி வந்தாள். ஓர் எழுத்தில் சுழி குறைந்திருந்தது. அதனைத் திருத்தாமல் அப்படியே ஒட்டச் சொன்னோம். யாரும் ஏவாமல் அவள் எழுதிய முதல் தமிழ் அது.

அன்பர்களே, யூகுலேலேதான் வேண்டும் என்பதில்லை. வெட்டிய உறுப்புகள் அடங்கிய பெட்டியை வாங்கிப் பூட்டலாம். அதுவும் இயலாதெனில் ஒரு மரப்பெட்டியில் தந்தி கட்டிப் பார்க்கலாம். பொம்மை கடையலாம், கூடை முடையலாம். வேண்டுவது ஒன்றே: பெரியவர் கையும் சிறியவர் கையும் ஒரே வேலையில் இணைய வேண்டும், அந்த வேலை தமிழில் நடக்க வேண்டும். நம் குடும்பங்களில் ஓய்வு பெற்ற தச்சரும் கொல்லரும் தையற்கலை வல்லோரும் எத்தனையோ பேர் உளர். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை அழைத்து, சங்கத்தின் கூடத்தில் ஒரு பட்டறைப் பலகை போட்டால் என்ன? அயல்மொழிக் குழந்தைகளும் வரட்டும். எங்கள் ஆசாரியார் தம் உளிகளோடு வர இசைந்துள்ளார். பலாக்கட்டை இரண்டு மிச்சம் இருக்கின்றன.